பி.ரி.எஸ். கீ டாக் பின்னி ஒன்லைனில விக்கலாமோ? விசுவமடுவில இருந்து என்ர அனுபவம்

கேள்வி, 2024 பெப்ரவரி 11

அக்கா, நான் புதுக்குடியிருப்பு. ஏ.எல். சோதினை எடுத்துப்போட்டு வீட்டில நிக்கிறன். பி.ரி.எஸ். (ஏழு கொரியப் பொடியளின்ர பாட்டுக் குழு) எண்டால் உயிர். யூட்டியூப் பாத்துக் கொக்கி ஊசியால கீ டாக், சின்னப் பொம்மை எல்லாம் பின்னப் பழகினனான். கூட்டாளிப் பிள்ளையள் ஒண்டு ரண்டு வாங்கினவை, பேஸ்புக்கில போட்டு வித்துப்பாரடி எண்டினம். அண்ணா சொல்லுறார், வன்னியில இருந்துகொண்டு உதெல்லாம் விக்கேலாது, உது கொழும்புப் பிள்ளையளுக்குத்தான் சரிவரும், நூல் வாங்கின காசும் திரும்பாது எண்டு. உண்மையோ? நீங்கள் எவ்வளவு காசோட தொடங்கினனீங்கள்?

2024 பெப்ரவரி 11, இரவு

தங்கச்சி, நான் 2021இல 4,000 ரூபாயோட தொடங்கினனான். ஆறு நிற நூல், ஒரு 2.5 மில்லிமீற்றர் ஊசி, ஒரு பை பஞ்சு, கீ வளையம் ஐம்பது. அவ்வளவுதான். நூல் வாங்கின காசு மூண்டாம் கிழமையே வந்திட்டுது. அண்ணாட்டை அதைச் சொல்லும்.

ஆனால் உம்மட நேரத்துக்குக் காசு வருமோ எண்டது வேற கதை. அதைப் பிறகு எழுதுறன், இண்டைக்குக் கரண்ட் வந்து வந்து போகுது.

பின்னல் எனக்கு யூட்டியூப்பில வந்ததில்லை. அம்மா றேந்தை பின்னுவா, மேசை விரிப்பு, தலையணை ஓரம் எல்லாம். 2009இல, யுத்தத்தில இடம்பெயர்ந்த சனத்தை வச்சிருந்த மெனிக் பாம் முகாமில எனக்குப் பதினொரு வயசு. நிவாரணத்தில வந்த கம்பளிச் சட்டை ஒண்டை அம்மா உருவி உருண்டையாச் சுத்தினவா. பக்கத்துக் கூடாரத்து மாமா சைக்கிள் கம்பி ஒண்டைக் கல்லில உரஞ்சி நுனியைக் கொக்கியா வளைச்சுத் தந்தவர். அந்த ஊசியாலதான் நான் சங்கிலித் தையல் பழகினது. அது இப்பவும் என்னட்டை இருக்கு. நூலுக்கு ஏத்த தடிப்பு இல்லை எண்டபடியால் வேலைக்கு எடுக்கிறதில்லை.

2024 பெப்ரவரி 13

சரி, நேரக் கணக்கு.

முதல் வருசம் ஒரு கீ டாக் 600 ரூபாய்க்கு வித்தனான். ஏன் 600? கொழும்பில ஒரு பக்கத்தில 650 போட்டிருந்தவை, நான் ஐம்பதைக் குறைச்சன். வேற ஒரு காரணமும் இல்லை. அது பிழை.

ஒரு டாக் பின்ன எனக்கு மூண்டு மணித்தியாலம். நூலும் பஞ்சும் 150, வளையமும் பையும் 50. எங்கட பக்கத்தில கச்சான் புடுங்கப் போற பொம்பிளைக்கு நாளுக்கு 1,500 குடுக்கினம், எட்டு மணித்தியால வேலை. மணிக்கு 187 ரூபாய் 50 சதம். மூண்டு மணித்தியாலத்துக்கு 562. எல்லாம் கூட்டினால் 762. நான் 600க்கு வித்த ஒவ்வொரு டாக்கிலயும் கச்சான் தோட்டத்துக் கூலியைவிட 162 ரூபாய் குறைச்சு வாங்கியிருக்கிறன். இருநூறு டாக் அப்பிடி வித்தனான்.

படம் எடுக்கிறது, "அக்கா இந்த நிறத்தில இருக்கோ" எண்டு கேக்கிற ஆக்களுக்கு மறுமொழி எழுதுறது, பார்சல் கட்டுறது, பஸ்ஸில கிளிநொச்சிக்குப் போறது இதுக்குள்ள சேரேல்லை. இப்ப நான் பின்னுற நேரத்துக்கு மேல மூண்டில ஒரு பங்கைக் கூட்டிறனான். விலை 950. முதல் மாசம் வாங்கிற ஆக்கள் குறைஞ்சவை, உண்மை. நாலாம் மாசம் பழைய இடத்துக்கு வந்திட்டுது.

கொக்கி ஊசிப் பின்னலைப் புடவை ஆலையில மெசினால அடிச்சுத் தள்ளேலாது. கடையில தொங்கிற மலிவான குரோசே உடுப்பும் எங்கேயோ ஒருத்தி கையால போட்டதுதான். இது தெரிஞ்ச பிறகு "மெசினில செய்தது இதைவிட மலிவு" எண்டு ஆரும் சொன்னால் எனக்குக் கோவம் வாறேல்லை, விளங்கப்படுத்திறன்.

2024 பெப்ரவரி 15

ஒரு சின்ன விசயம், ஆனால் எங்கட ஊருக்கு முக்கியம். பக்கத்துக்குப் பேர் வைக்கேக்க "ஆமி" எண்ட சொல்லைப் போடாதேயும், இஞ்ச அது இராணுவத்தைத்தான் குறிக்கும்.

பி.ரி.எஸ். ரசிகர் எல்லாரும் தங்களை அப்பிடித்தான் சொல்லுறது, எனக்குத் தெரியும். நானும் ஒருநாள் ஃபோனில கூட்டாளியோட கதைக்கேக்க "நான் 2017இல இருந்து ஆமி" எண்டு சந்தோசமாச் சொல்லிப்போட்டன். அம்மா அடுப்படியில இருந்து வெளியால வந்தவா. ஒண்டும் கேக்கேல்லை. கையில அகப்பையோட அப்பிடியே நிண்டவா. அவவுக்கு விளங்கப்படுத்தி முடிய அரை மணித்தியாலம். பிறகு ஏழு பேரின்ர படத்தையும் காட்டினன். "பொடியள் வடிவாத்தான் இருக்கிறாங்கள்" எண்டவா.

என்ர பக்கத்தின்ர பேரில "ஊதா" மட்டும்தான் இருக்கு, அது பி.ரி.எஸ். ரசிகரின்ர நிறம். தெரிஞ்ச பிள்ளையளுக்கு அது போதும்.

2024 மார்ச் 4

தங்கச்சி அனுப்பின படங்கள் பாத்தன். கை நல்ல சுத்தம். சுற்று முடிக்கிற இடத்தில தையல் இழுபடேல்லை, அதுக்கே சனம் வாங்கும். ஆனால் நீர் பின்னியிருக்கிறது கோயா, குக்கி, டாடா. அதைப்பற்றித்தான் எழுதவேணும்.

அதெல்லாம் பி.ரி.21 எண்ட கார்ட்டூன் உருவங்கள். 2017இல பி.ரி.எஸ். பொடியளும் லைன் ஃபிரெண்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கினது. அந்தப் பொடியளுக்குள்ள கோயா ஆர்.எம். கீறினது, டாடா வீ, குக்கி ஜங்குக். நாங்கள் எங்கட கையால பின்னினாலும் உருவம் அவையின்ர சொத்து. இலங்கையிலயும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கு. வன்னிக்கு ஆர் வந்து பாக்கப்போகினம் எண்டு நானும் நினைச்சனான். ஒன்லைனில கடை போட்டால் அது விசுவமடுச் சந்தியில இல்லை, எல்லாற்றை கண்ணுக்கும் முன்னால இருக்கு. முறைப்பாடு ஒண்டு போனால் பக்கத்தை மூடிப்போடுவினம். இரண்டு வருசமாச் சேர்ந்த ஆக்கள் ஒரு ராத்திரியில போயிடும்.

வேற ரசிகருக்கு இப்பிடி நடந்திருக்கு. 2002இல அமெரிக்காவில ஃபயர்ஃபிளை எண்டு ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதில ஜெயின் எண்ட முரட்டு ஆளுக்குத் தாய் ஒரு தொப்பி பின்னி அனுப்புவா, செம்மஞ்சள் நிறம், காது மூடுற மாதிரி. ஆள் அதைப் பெருமையாப் போட்டுக்கொண்டு திரிவான். தொடரை முதல் வருசத்தோடயே நிப்பாட்டிப்போட்டினம். ரசிகர்தான் அந்தத் தொப்பியை வருசக் கணக்காப் பின்னிப் பின்னி ஒருத்தருக்கொருத்தர் வித்து, அந்தக் கதையை உயிரோட வச்சிருந்தவை. 2013இல உரிமைக்காரர் வேற ஒரு கொம்பனிக்கு உத்தியோகபூர்வத் தொப்பி செய்ய உரிமம் குடுத்தவை. அதோட எட்சி எண்ட ஒன்லைன் கைவேலைச் சந்தையில பின்னி வித்த ஆக்களுக்கு, எடுத்துப்போடுங்கோ எண்டு கடிதம் போனது.

எனக்கு இது நியாயமாத் தெரியேல்லை. ஆனால் சட்டம் அவையின்ர பக்கம். இதை வாசிச்ச அண்டைக்கே நான் பி.ரி.21 டாக் எல்லாத்தையும் பக்கத்தில இருந்து எடுத்தன். முப்பத்தியொரு டாக் கையில நிண்டது, சொந்தக்காரப் பிள்ளையளுக்குக் குடுத்தன்.

2024 மார்ச் 5

"அப்ப என்னத்தைப் பின்னிறது?" எண்டு கேட்டிருக்கிறீர். நேற்றைக்கு எழுதினதில பயம் காட்டின மாதிரி வந்திட்டுது, அது என்ர நோக்கம் இல்லை.

ரசிகர் முகத்தை மட்டும் பாத்து வாங்கிறேல்லை. ஊதா நிறத்தைப் பாத்தாலே எங்களுக்கு விளங்கும். ஏழு மணி கோத்த ஒரு சங்கிலி, ஏழாவது மட்டும் வேற நிறம். திமிங்கிலம். சின்ன ஒலிவாங்கி. ஒரு டாக்கில நான் "13" எண்டு மட்டும் பின்னினன். அவை மேடைக்கு வந்தது 2013 ஜூன் 13. தெரியாத ஆளுக்கு அது வெறும் இலக்கம், தெரிஞ்ச பிள்ளை படத்தைக் கண்ட உடனே ஓடர் போட்டவா. இந்த அறிவைக் கொழும்புக் கடைக்காரன் ஆரையும் வச்சு வாங்கேலாது. நீர் ராத்திரி ராத்திரியா முழிச்சிருந்து பாத்ததுதான் உம்மட முதலீடு.

சொல்லிலயும் கவனம் வேணும். 2016இல வீ சொன்ன "பொராஹே" (கொரிய மொழியில "உன்னை ஊதா செய்யிறன்", அன்பைச் சொல்லுற சொல்) எண்டதை 2021இல கொரியாவில ஒரு நகப்பூச்சுக் கொம்பனி தங்கட வியாபாரக் குறியாப் பதியப் பாத்தது. ரசிகர் உலகம் முழுக்கச் சத்தம் போட, மன்னிப்புக் கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்தவை. அந்தச் சொல்லை நான் விக்கிற சாமானில போடுறதில்லை. சட்டத்துக்காக மட்டும் இல்லை. அது எங்களுக்குச் சொன்ன சொல், காசுக்கு விக்க மனம் வராது.

2024 ஏப்ரல் 9

பார்சல்.

சாமான் கையில குடுத்துக் காசு வாங்கிற முறைதான் இஞ்ச சனம் நம்பிற முறை. 2022இல ஒரு கிழமையில பன்னிரண்டு பார்சல் அப்பிடி அனுப்பினன். ஐந்து திரும்பி வந்தது. ஃபோன் எடுக்கேல்லை, வீட்டில ஆளில்லை, "அப்பா காசு தரேல்லை அக்கா". போன கூலியும் வந்த கூலியும் என்ர தலையில. அந்தக் கிழமை நான் சாப்பாட்டுக் காசில இருந்து கட்டினனான்.

இப்ப பாதிக் காசு முற்பணம். ஆரும் கோவிக்கிறேல்லை. கூரியர்க்காரர் எங்கட ஒழுங்கைக்குள்ள வராயினம், நான் கிழமைக்கு ஒருக்கா, வியாழன், கிளிநொச்சிக்குக் கொண்டுபோய்ப் போடுவன். "வியாழக்கிழமைதான் பார்சல்" எண்டு பக்கத்தில பெரிசா எழுதிவிட்ட பிறகு "எப்ப வரும், எப்ப வரும்" எண்ட கேள்வி நிண்டிட்டுது.

பிரதேச செயலகத்தில வியாபாரப் பெயரைப் பதிஞ்சுவிடும். கடைப் பெயரில வங்கிக் கணக்குத் திறக்க அது வேணும்.

2024 மே 23

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போயிட்டு வந்து எழுதுறன். கோயிலடியில ஒரு பிள்ளை கைப்பையில என்ர டாக் தொங்கினதைக் கண்டன். போய்ச் சொல்லேல்லை. பின்னாலயே கொஞ்சத் தூரம் நடந்தன்.

சொல்ல வந்தது வேற. பூநகரியில எனக்கு ஒரு மாமி இருக்கிறா, அம்மாவின்ர ஒண்டுவிட்ட தமையன்ர மனுசி. பெட்டி, நீத்துப்பெட்டி, சுளகு எல்லாம் இழைப்பா. பனங்குருத்தைக் காயவச்சு வார்ந்து, சாயத் தண்ணியில அவிச்சு எடுப்பா. பச்சையும் சிவப்பும்தான் வழக்கம். நான் போட்டோகார்ட் (ரசிகர் சேர்க்கிற, பொடியளின்ர படம் போட்ட சின்ன அட்டை) ஒண்டைக் கொண்டுபோய்க் குடுத்து, இந்த அளவுக்கு ஒரு உறை இழைச்சுத் தாங்கோ, ஊதா நிறத்தில எண்டு கேட்டன். அட்டை ஐந்தரை சென்ரிமீற்றர் அகலம், எட்டரை உயரம். மாமி அதைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "இந்தப் பொடியனுக்குப் பனையோலையில வீடு கட்டவேணுமோ?" எண்டு கேட்டுப்போட்டு, ஓலையை இன்னும் மெல்லிசா வார்ந்தா.

பதினைஞ்சு உறை. போட்ட அண்டிரவே முடிஞ்சுது. நூல் டாக் செய்யிற ஆக்கள் இலங்கை முழுக்க இருக்கினம். பனங்குருத்தில ஊதா உறை ஒருத்தரிட்டையும் இல்லை. அண்ணாட்டைக் கேளும், வன்னியில இருந்துகொண்டு ஏலாதோ எண்டு.

மாமிக்கு ஒரு உறைக்கு அவ கேட்டதைக் குடுக்காமல் நேரக் கணக்குப் போட்டுக் குடுத்தனான். அவ கேட்டது அதில பாதிதான். "நீ ஏன் கூட்டித் தாறாய்?" எண்டு சந்தேகமாப் பாத்தா. பெப்ரவரிக் குறிப்பில இருக்கிற அதே கணக்கைத்தான் கடதாசியில எழுதிக் காட்டினன்.

2024 ஜூன் 13

பி.ரி.எஸ். ஜின் கட்டாயப் படைச் சேவை முடிச்சு நேற்று வந்திட்டார். இண்டைக்கு ஆயிரம் ரசிகரைக் கட்டியணைச்சவர். காலமை தொடங்கி அழுதுகொண்டு பின்னிறன். ஓடர் நாற்பத்தியெட்டு. நாளைக்கு எழுதுறன்.

2024 ஜூலை 2

நாளைக்கு எண்டு சொல்லி இவ்வளவு நாள். ஒரு பெரிய பிழை நடந்துபோச்சு, அதை மறைக்காமல் எழுதவேணும்.

ஜூன் ஓடருக்கு அவசரப்பட்டு, சாயம் போட்ட ஓலையை வடிவா அலசாமல் இழைச்சுப்போட்டம். திருகோணமலையில ஒரு பிள்ளை தன்ர அட்டையை அதுக்குள்ள வச்சுப் பள்ளிக்கூடப் பைக்குள்ள கொண்டுபோயிருக்கிறா. வேர்வை ஈரம் பட்டு ஊதாச் சாயம் அட்டையில இறங்கியிட்டுது. ஒரு வருசமாக் காசு சேர்த்து வாங்கின அட்டை. படம் அனுப்பினவா, ஒரு சொல்லும் எழுதேல்லை. அந்தப் படத்தைப் பாத்து எனக்குக் கை நடுங்கினது. அது கடதாசித் துண்டில்லை எண்டு எனக்குத் தெரியும்.

உறைக் காசைத் திருப்பிக் குடுத்தன். அதே அட்டையைத் தேடிப் பதினாறு நாளில கொழும்பில ஒருத்தரிட்டை வாங்கி அனுப்பினன். அந்த மாச லாபம் அதோட போச்சு. அந்தத் தொகுதியில மிச்சம் போன முப்பத்தியிரண்டு பேருக்கும் தனித்தனியா எழுதி, அட்டையை வெளியால எடுங்கோ எண்டன்.

இப்ப செய்யிறது இதுதான். அவிச்ச ஓலையைத் தண்ணி நிறம் மாறாமல் வருமட்டும் அலசிறம். காய்ஞ்ச பிறகு ஈரமான வெள்ளைத் துணியால இருபது தரம் உரஞ்சிப் பாக்கிறம். துணியில நிறம் ஒட்டினால் திரும்ப அலசல். உள்ளுக்குப் பொலிபுரொப்பிலீன் உறை ஒண்டு வைக்கிறம். பி.வி.சி. உறை வேண்டாம், அது நாட்பட அட்டையோட ஒட்டி மையைக் கெடுக்கும். நூல் டாக்குக்கும் இந்தத் துணிச் சோதனையைச் செய்யும், முக்கியமாக் கடும் ஊதா, சிவப்பு.

2024 ஓகஸ்ட் 18

வெளிநாட்டு ஓடர் பற்றி மூண்டு பேர் கேட்டிருக்கினம்.

இலங்கையில பேபால் கணக்கால காசு அனுப்பலாம், வாங்க ஏலாது. நான் செய்யிறது, ரொறன்ரோவில இருக்கிற மச்சாள் அங்க காசை வாங்கி மாசக் கடைசியில வங்கியால அனுப்புவா. பத்துப் பதினைஞ்சு உறையை ஒரே பார்சலா அவவுக்கு அனுப்ப, அவ அங்க பிரிச்சுப் போடுவா. தனித்தனியா அனுப்பினால் உறையைவிடத் தபாற்கூலி கூட.

பார்சலில "அன்பளிப்பு" எண்டு எழுதினால் கனடாவில 60 டொலருக்குள்ள வரி இல்லை.

அவுஸ்திரேலியாவுக்கு ஓலைச் சாமான் அனுப்ப முதல் ரண்டு தரம் யோசியும். தாவரப் பொருளெண்டால் அங்க கடுமையாச் சோதிப்பினம், ஒரு பூச்சி, ஒரு விதை இருக்கேலாது. நூல் சாமானுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

2024 செப்டெம்பர் 1

மேல ஓகஸ்ட் குறிப்பில "அன்பளிப்பு" எண்டு எழுதச் சொன்னதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கோ. மச்சாள் வாசிச்சுப்போட்டு ராத்திரி எடுத்து ஏசினவா. விக்கிற சாமானை அன்பளிப்பு எண்டு எழுதுறது பொய்ப் பத்திரம். 60 டொலர் கணக்கு உண்மையான அன்பளிப்புக்கு மட்டும்தான். வித்த சாமானுக்குத் தபாலில வந்தால் 20 டொலர்தான் எல்லை, அதுக்கு மேல வரி. நாங்கள் இப்ப உள்ளதை உள்ளபடி எழுதி வரியை விலையில சேர்க்கிறம். குறிப்பை அழிக்கேல்லை, ஏற்கெனவே வாசிச்ச ஆக்கள் திருத்தத்தையும் காணவேணும்.

2024 ஒக்டோபர் 17

ஜேஹோப்பும் படையில இருந்து வந்திட்டார்! ரண்டாவது ஆள்.

தங்கச்சி தனியா ஒரு கேள்வி அனுப்பினவா: "அக்கா, விக்கத் தொடங்கினதில இருந்து பாட்டுக் கேக்கவே மனம் வருதில்லை, கேட்டால் ஓடர்தான் ஞாபகம் வருது." அவவின்ர அனுமதியோட இஞ்ச எழுதுறன், ஏனெண்டால் எனக்கும் நடந்தது.

2022 கடைசியில நான் நாலு மாசம் அவையின்ர ஒரு காணொளியும் பாக்கேல்லை. புதுப் படம் ஒண்டு வந்தால் "இந்தச் சட்டை நிறத்தில நூல் இருக்கோ" எண்டுதான் முதல் யோசினை. 2018இல, ராத்திரி இரண்டு மணிக்கு டேட்டா மலிவான நேரம் பாத்து எழும்பி, போர்வைக்குள்ள ஒலியைக் குறைச்சுக் கேட்ட பிள்ளை எங்க போனவள் எண்டு ஒருநாள் யோசிச்சன். முகாமில இருந்து வந்து, பள்ளிக்கூடத்தில ஆரோடயும் கதைக்காமல் இருந்த எனக்கு அந்த ஏழு பேரால கிடைச்சதுதான் முதல் கூட்டாளிமார். அதை டாக் செய்து தேய்ச்சுப்போட்டனோ எண்டு பயந்தன்.

மருந்து எண்டு ஒண்டும் சொல்லத் தெரியேல்லை. நான் செய்யிறது: ஞாயிற்றுக்கிழமை ஊசி தொடுறதில்லை, பக்கத்துக்கு மறுமொழி எழுதுறதில்லை. மாசத்துக்கு ஒரு சாமான் எனக்காகப் பின்னிறன், அதைப் படம் எடுக்கிறதில்லை. கோயாவை இப்பவும் பின்னிறன், என்ர கட்டிலுக்கு. பாட்டு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. எல்லாருக்கும் வருமோ தெரியாது. வராட்டில் விக்கிறதை நிப்பாட்டும், தங்கச்சி. உழைக்க வேற வேலை தேடலாம்.

2024 நவம்பர் 30

மழை, வெள்ளம். பெங்கல் புயலோட ஏ.எல். சோதினையும் தள்ளிப்போச்சு. எங்களுக்கு வீட்டுக்குள்ள தண்ணி வரேல்லை, முற்றம் வரைக்கும்தான். மாமி வீட்டில வார்ந்து வச்ச ஓலையில பூஞ்சணம் பிடிச்சிட்டுது, எண்பது உறைக்கான ஓலை. வெயில் வந்தவுடன துடைச்சுக் காயவச்சு எடுக்கலாம் எண்டு சிலர் எழுதியிருக்கினம். போட்டோகார்ட் வைக்கிற சாமானுக்கு நான் அதை எடுக்கமாட்டன். அடுப்புக்குத்தான் போகும். ஓடர் போட்ட ஆக்களுக்கு எல்லாம் எழுதிவிட்டன், முற்பணம் திருப்பிக் கேட்டது ரண்டு பேர் மட்டும்.

மார்கழி மழைக்கு முன்னம் ஓலையைக் கட்டி அடுப்படிப் பரணில ஏத்தவேணும் எண்டு மாமிக்குத் தெரியும். நான்தான் "இன்னும் வார்ந்து வையுங்கோ" எண்டு கேட்டுக் கேட்டு அவசரப்படுத்தினனான்.

2024 டிசெம்பர் 15

பிரான்ஸ், ஜேர்மனிக்கு அனுப்பிற ஆக்கள் கவனியுங்கோ. இந்த மாசம் 13ஆம் திகதியில இருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில பொதுப் பொருட் பாதுகாப்பு ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்திட்டுது. வெளியால இருந்து அங்க விக்கிற ஆளுக்கு, அங்க ஒரு பொறுப்பாளர் இருக்கவேணும், சாமானில அவரின்ர பெயர் விலாசம் வேணும். கைவேலைக்கும் விதிவிலக்கு இல்லை. சின்னப் பொம்மை எண்டால் விளையாட்டுப் பொருள் சட்டமும் சேரும். பொம்மைக்கு வச்ச பிளாஸ்ரிக் கண் கழண்டால் குழந்தையின்ர தொண்டையில சிக்கும், அதால சின்னப் பிள்ளையளுக்குச் செய்யிறதுக்கு நான் எப்பவும் நூலாலதான் கண் தைக்கிறனான். பாரிசில இருக்கிற கொழுந்தி பொறுப்பேற்கலாமோ எண்டு விசாரிக்கிறா. அதுமட்டும் ஐரோப்பா ஓடர் எடுக்கேல்லை.

தங்கச்சியின்ர பக்கம் திறந்திட்டுது, போய்ப் பாருங்கோ. முதல் சாமான் ஊதாத் திமிங்கிலம், 980 ரூபாய். என்னைவிட முப்பது ரூபாய் கூட. அண்ணாதான் வியாழக்கிழமையில மோட்டச் சைக்கிளில பார்சல் கொண்டுபோறாராம்.

நேற்று பூநகரிக்குப் போனன். மாமி கேட்டா, "அந்த ஏழு பொடியளும் வந்திட்டாங்களோ?" எண்டு. ரண்டு பேர்தான் மாமி, மிச்ச ஐந்து பேரும் வாற ஆனிக்குள்ள வந்திடுவினம் எண்டன். விரலை மடிச்சு மாசம் எண்ணினா. "அப்ப வைகாசிக்குள்ள ஓலை அவிச்சு அலசி முடிக்கவேணும். ஊதாச் சாயம் இந்த முறை ரண்டு பக்கெற் வாங்கிக்கொண்டு வா."

கிளிநொச்சியில ஒரு பக்கெற்தான் கிடைச்சது. மற்றதை வவுனியாவில சொல்லி வச்சிருக்கிறன்.